பழைய புதூரின் நோயாளிகள்

தணிக்கைக்கு உள்ளாகும் அலுவலகம் எதுவும் தன்மீது எழுதப்பட்ட குறையை உடனே ஒப்புக்கொள்வதில்லை. முதலில் மறுக்கும். பிறகு மழுப்பும். அதற்கும் பிறகு, தொடர்புடைய கோப்பு சென்ற மழையில் நனைந்துவிட்டது என்று வருந்தும். உலக வழக்கம் இதுதான். ஆகையால், உயிர்த்துணை அறக்கட்டளையின் வட்டார மேலாளர் ஆனந்தராஜ், தாம் படித்துக்கொண்டிருந்த தாளை மேசைமீது வைத்துவிட்டு, “முழுசா ஒத்துக்கறோம் மேடம்” என்று முகம் மலரச் சொன்னபோது துர்கா திகைத்துப் போனாள்.

அந்த அறக்கட்டளை விருத்தாசலம் வட்டாரத்தில் அரசு கொடுக்கும் பணத்தில் அவசர மருத்துவ வண்டிகளை ஓட்டிவந்தது. எந்த வண்டி எந்த ஊரில் நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. தக்க காரணமின்றி இடம் மாற்ற அறக்கட்டளைக்கு உரிமையில்லை. இந்தச் செலவு முறையாக நடக்கிறதா என்று பார்க்கக் கடலூரிலிருந்து இருவர் வந்திருந்தார்கள். மூத்தவர் குருமூர்த்தி, ஓய்வுபெறும் நாளை நெருங்கிக்கொண்டிருந்த தணிக்கை அலுவலர். இளையவள் துர்கா, தணிக்கை ஆய்வாளர்.

குறையை எழுதியவள் துர்காதான்; தணிக்கைக்காரர்கள் பேச்சில் அப்படி எழுதும் குறைக்குப் பெயர் ‘பாரா’. கம்மாபுரத்தில் நிற்கும் வண்டி, ‘பழைய புதூர்’ என்ற ஊருக்கு அடிக்கடி சென்று நோயாளிகளை ஏற்றி வந்ததாகக் கணக்குச் சொன்னது. பழைய புதூரோ நிலக்கரிச் சுரங்கத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்ட ஊர். வருவாய்த் துறைப் பதிவில் அது ‘குடியிருப்பு இல்லாத கிராமம்’. வண்டியின் ஜி.பி.எஸ். கருவி, ஒவ்வொரு முறையும் சுரங்கத்தின் விளிம்பிலிருந்த ஒரு பிடாரி கோயிலருகே வண்டி நின்றதாகக் காட்டியது. மருத்துவமனைப் பதிவிலும் அந்த நோயாளிகளின் முகவரியாக அதே இல்லாத ஊர்தான் இருந்தது. ஆளே இல்லாத ஊரிலிருந்து நோயாளி எப்படி வருவார்? அந்தப் பதிவும் ஓட்டுநர் சொன்னபடி எழுதியதாகவே இருக்கும். ‘ஓட்டுநர் கோயில் நிழலில் வண்டியை நிறுத்தி ஓய்வெடுத்துவிட்டுப் பொய்ப் பயணம் எழுதியுள்ளார்’ என்று துர்கா முடிவு கட்டினாள். குருமூர்த்தி அவளைப் பாராட்டினார்.

“டிரைவர் காத்தவராயனை ஏற்கெனவே நிறுத்திட்டோம். வேற ஆள்தான் இப்ப ஓட்டறாரு” என்றார் ஆனந்தராஜ். “வண்டியையும் திங்கக்கெழமை அங்கேர்ந்து எடுத்து ஹைவேயில போட்டுடறோம். வெள்ளிக்கெழமை நிறைவுக் கூட்டத்துல நீங்க கையெழுத்து போட்டீங்கன்னா அதுவே எங்களுக்கு ஆர்டரு. சார், ஸ்வீட் எடுத்துக்குங்க. மேடம், நீங்களும்.”

தொழிற்பேட்டையில் சுட்ட வெள்ளைப் பீங்கான் தட்டில் பாதுஷாக்கள் பளபளத்தன. குருமூர்த்தி இரண்டை எடுத்துக்கொண்டார். துர்கா தட்டைத் தொடவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் இனிப்புக் கொடுத்தால், குற்றம் வேறு யாருடையதோ என்று அவளுக்குத் தோன்றியது.

வெளியே வந்ததும் சொன்னாள்: “சார், நாளைக்கு ஒரு நாள் அந்தக் கோயிலப் பார்த்துட்டு வந்துடறேன்.”

“எதுக்கும்மா? அவரே ஒத்துக்கிட்டாரு.”

“அதனாலதான் சார்.”

குருமூர்த்தி அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். “டி.ஏ. கிளெய்ம் பண்ண முடியாது. உங்க காசுதான்” என்று மட்டும் சொன்னார்.

*

மறுநாள் காலை அவள் கம்மாபுரத்தில் பேருந்திலிருந்து இறங்கி, ஓர் ஆட்டோவைப் பிடித்தாள். பிடாரி கோயில் என்றதும் ஓட்டுநர் எந்தப் பிடாரி என்று கேட்கவில்லை. தார்ச்சாலை முடிந்து செம்மண் தடம் தொடங்கியது. சுரங்க லாரிகள் உழுதுவிட்டுப் போன பள்ளங்களில் ஆட்டோ படகுபோல ஆடியது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை: ஒரு காட்டில் மின்மினிகளுக்கு அரசன் தேன் வழங்கி வந்தான். இரவில் வழி தவறும் குஞ்சுகளுக்கு அவை ஒளி காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. தேன் வீணாகிறதா என்று பார்த்துவரச் சேவலை அனுப்பினான். சேவல் நாணயமானது, ஒரு துளித் தேனும் கையூட்டாகப் பெறாதது. பொழுது நன்கு விடிந்தபின் புறப்பட்டுப் போய்ப் பார்த்தது. இலைகளுக்கடியில் பழுப்புநிறப் பூச்சிகள் சில உறங்கிக்கொண்டிருந்தன. ‘ஒளி எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதியது. சேவல் பொய் சொல்லவில்லை. பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அன்றிரவு வழி தவறிய குஞ்சுக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்காது.

கோயில் மிகச் சிறியது. முன்னால் ஒரு வேம்பு, ஒரு சூலம், சுண்ணாம்பு அடித்த பலிபீடம். பின்னால் நிலம் திடீரென்று முடிந்து, பல பனை ஆழத்துக்குச் சுரங்கம் வாய் பிளந்து கிடந்தது. ஊர் இருந்ததற்கு அடையாளமாக ஒரு சுவரும் மிச்சமில்லை. துர்காவுக்கு முதலில் நிம்மதியே ஏற்பட்டது. எழுதியது சரிதான். இங்கே யார் இருக்கிறார்கள்?

அப்போது மோட்டார் சைக்கிள் ஒன்றின் உறுமல் கேட்டது.

செம்மண் புழுதிக்குள்ளிருந்து வண்டி வெளிப்பட்டது. ஓட்டுபவனுக்கும் பின்னால் இருந்தவனுக்கும் இடையில், நெல்மூட்டையை இறுக்கி வைத்ததுபோல ஒரு பெரியவர் உட்கார வைக்கப்பட்டிருந்தார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மூச்சு விசில்போல இழுத்தது. பின்னாலேயே இன்னொரு வண்டியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்து இறங்கினாள். முன்கையெல்லாம் வெள்ளைக் களிமண் உலர்ந்திருந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை வார்க்கும் பட்டறையில் இரவு வேலை முடித்து, கைகூடக் கழுவாமல் வந்தவள் போலிருந்தாள்.

“வேம்புல சாய்ச்சு உக்கார வைங்கடா. படுக்க வைக்காத, மூச்சு முட்டும்” என்று கட்டளையிட்டவள், துர்காவைப் பார்த்து, “யாரும்மா நீ? சாமி கும்புட வந்தியா, குழிய வேடிக்க பாக்க வந்தியா?” என்று கேட்டாள்.

துர்கா விடை சொல்வதற்குள் சைரன் ஒலித்தது. மருத்துவ வண்டி வந்து வேம்படியில் நின்றது. புதிய ஓட்டுநரும் உதவியாளரும் இறங்கி, பெரியவருக்கு ஆக்சிஜன் முகமூடி பொருத்தி ஏற்றினார்கள். உதவியாளர் கைக்கருவியைப் பார்த்து, “பேரு?” என்றார்.

“விருத்தகிரி.”

“ஊரு?”

“பழைய புதூர்” என்றாள் அந்தப் பெண், பிடாரியின் பக்கம் திரும்பி.

வண்டி போய்விட்டது. தான் பொய் என்று எழுதிய ஒரு பயணத்தைத் துர்கா தன் கண்ணாலேயே முழுவதும் பார்த்துவிட்டாள்.

“எங்கேர்ந்து இவரக் கொண்டாந்தீங்க?” என்று கேட்டாள்.

அந்தப் பெண் வடக்கே கை காட்டினாள். தொலைவில், ஒரே அளவான கான்கிரீட் வீடுகள் வரிசையாகத் தெரிந்தன. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களுக்காகக் கட்டிய மனைப்பகுதி.

“அங்கதான் வூடு இருக்குதுன்னா, வண்டிய அங்கயே வரச் சொல்லலாமே? இவ்ளோ தூரம் பைக்ல எதுக்கு?”

“வரச் சொல்லலாம். அந்த எடத்துக்குப் பேரச் சொல்லணும்ல?”

“சொல்லுங்க.”

“சொல்ல மாட்டோம்.”

வந்திருந்த இளைஞர்களில் ஒருவன், நிலவன் என்பவன், சிரித்தான். “பூவாயி அத்தகிட்ட போயி கேக்கறீங்களே மேடம். எலெக்‌ஷன் ஆபீசரு வந்து கேட்டே சொல்லல.”

பிறகு பூவாயி சொன்னாள். நிலத்தைக் கொடுத்தபோது வீட்டுக்கொரு வேலை என்று வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்குப் பற்றிய வழக்கு இன்னும் நடக்கிறது. ஊரைக் காலி செய்த அன்று, பிடாரியின் முன்னால் சூடம் கொளுத்தி, ஊரே கூடி அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தது: வாக்கு நிறைவேறும்வரை புதிய மனைப்பகுதியின் பெயரை எவர் நாவும் சொல்லாது, சொன்னால் கொடுத்ததைக் கொண்டு அடங்கிவிட்டோம் என்று பொருள். அதனால் ரேஷன் கடையில், பள்ளியில், மருத்துவமனையில், எங்கும் ‘பழைய புதூர்’தான். அவசர வண்டியைத் தொலைபேசியில் அழைத்தாலும் அதே பேர்தான். பழைய புதூரில் மிஞ்சியிருப்பது பிடாரி கோயில் ஒன்றே; வண்டி அங்கேதான் வரும். ஆகவே நோயாளியையும் அங்கே கொண்டுவருவார்கள்.

“டிரைவர் காத்தவராயனுக்கு இது தெரியுமா?”

“தெரியாம? எத்தினியோ தபா சொல்லுவாரு, ‘யக்கா, எனக்கு வழி தெரியும், வூட்டாண்டயே வந்துடறேன்’னு. ஆனா போன் எடுக்கறவங்க சொன்ன எடத்த வுட்டு நகந்தா அவருக்கு மெமோ. மேனேஜருகிட்ட எழுதியே குடுத்தாரு. அந்தாளு இங்க வந்து நின்னு பாத்துட்டு, ‘நல்ல சத்தியம்டா சாமி’ன்னு சிரிச்சிட்டுப் போனாரு.”

துர்காவுக்கு அந்தப் பாதுஷாக்களின் இனிப்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்தது. இந்தப் பள்ளங்களில் வண்டியின் அச்சு முறியும், டயர் கிழியும். நெடுஞ்சாலையில் நிறுத்தினால் செலவு குறையும். இடம் மாற்ற ஒப்பந்தம் தடை. அந்தத் தடையை நீக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. காரணத்தை அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

தான் யார் என்பதை அவள் சொன்னாள். எழுதியதையும் சொன்னாள். நிலவன் சிரிப்பதை நிறுத்தினான்.

பூவாயி இடுப்பில் கைவைத்து நின்றாள். “அப்ப நாங்கள்ளாம் பேயி. அப்பிடித்தான எழுதன?”

“தப்பா எழுதிட்டேங்க.”

“தப்பா எழுதுனா அழிச்சுட்டுப் போயேன். எங்க ஊர அழிச்சாங்களே, அத்தினி கஷ்டமா அது?”

“அழிக்கறேன். ஆனா எனக்கு ஆள் வேணும். அந்த வண்டியில ஏறுனவங்க வெள்ளிக்கெழமை விருத்தாசலத்துக்கு வரணும். ஊர்ப் பேர மாத்திச் சொல்லச் சொல்லி நான் கேக்க மாட்டேன்.” சற்றுத் தயங்கிவிட்டு அவள் தொடர்ந்தாள். “ஆனா ஒண்ணு சொல்லுவேன். மூச்சு முட்டற ஆள பைக்ல உக்கார வச்சுக் கொண்டாரது சரியில்ல. சத்தியம் உங்களுது. மூச்சு அவருது.”

பூவாயியின் முகத்தில் ஏதோ ஒன்று சட்டென்று மூடிக்கொண்டது. “வெள்ளிக்கெழமை வரோம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

*

அன்று மாலை விடுதி அறையின் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த குருமூர்த்தி, அவள் சொன்னதை முழுமையாகக் கேட்டார். 

“நீங்க பார்த்தது உண்மைதாம்மா. நான் இல்லேங்கல. ஆனா ஆடிட்டுல, எழுதுன பாராவை எழுதுனவங்களே திரும்ப எடுத்தா, மேல என்ன கேப்பாங்க தெரியுமா?”

“எவ்ளோ வாங்குனேன்னு கேப்பாங்க.”

“தெரிஞ்சுதான் பேசறீங்க.” அவர் பெருமூச்சு விட்டார். “ஒரு நரி ஆத்து மணல்ல நடந்து போச்சாம். பாதி தூரம் போயி, வழி தப்புன்னு அதே தடத்துல திரும்பி வந்துச்சு. வேட்டைக்காரன் வந்து பார்த்தான். போன தடம் ஒண்ணு, வந்த தடம் ஒண்ணு. ரெண்டு நரின்னு நெனச்சு ரெண்டு நாயக் கூட்டிக்கிட்டு வந்தான். நேரா போயிருந்தா ஒரு நாயோட போயிருக்கும்.”

“நேரா போயிருந்தா அந்த நரி எங்க போயி சேந்திருக்கும் சார்?”

“கதையில அதெல்லாம் இல்ல.”

“கெணத்துல வுழுந்திருக்கும் சார். அதனாலதான திரும்புச்சு.”

குருமூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அதை அடக்கிக்கொண்டார். “எனக்கு இன்னும் கொஞ்ச நாள்தாம்மா சர்வீஸு. பென்ஷன் பேப்பரெல்லாம் போயாச்சு. நான் இந்தப் பாராவுக்கு ஏற்கெனவே கையெழுத்து போட்டவன். திரும்ப எடுக்கறதுக்குப் போட மாட்டேன். உங்களத் தடுக்கவும் மாட்டேன். அவ்ளோதான் என்னால முடியும்.”

“அது போதும் சார்” என்றாள் துர்கா. உண்மையில் அது போதாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

*

வெள்ளிக்கிழமை நிறைவுக் கூட்டம் அறக்கட்டளையின் அலுவலகக் கூடத்தில் நடந்தது. முன்பு மின்கம்பப் பீங்கான் செய்த தொழிற்கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து அலுவலகமாக்கியிருந்தார்கள். கூட்டம் தொடங்கும் முன்பே வாசலில் சத்தம் கேட்டது.

“இத்தினி பேரு உள்ள போவ முடியாதும்மா” என்றான் காவலாளி.

“ஏன் முடியாது? நாங்கள்ளாம் இல்லாத ஆளுங்க. எங்களுக்கு எடமே வேணாம்” என்ற பூவாயியின் குரல் கேட்டது. தொடர்ந்து எழுந்த சிரிப்பு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது, சிரித்தவர்களும் வந்தார்கள். கைத்தடியூன்றிய ஒரு கிழவர், கைக்குழந்தையுடன் ஒரு பெண், காலில் கட்டுப் போட்ட ஓர் ஆள், இன்னும் பலர். நாற்காலிகள் போதவில்லை. சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார்கள்.

ஆனந்தராஜ் எழுந்து நின்றார். “மேடம், இது ஆபீஸ் மீட்டிங்கு. பப்ளிக்க எதுக்கு?”

“எழுதுன பாரா தப்புன்னு எனக்குத் தெரிய வந்திருக்குது. அத எடுக்கறதுக்குச் சான்று வேணும். சான்று வந்திருக்குது, உக்காந்திருக்குது. நீங்களும் உக்காருங்க சார்.”

அவள் தான் கோயிலருகே கண்டதைச் சொன்னாள். ஆனந்தராஜ் குறுக்கிடவில்லை. கேட்டு முடித்து, இரண்டு கைகளையும் விரித்து, மிகவும் நியாயமான ஒரு மனிதரின் குரலில் பேசினார்.

“இவங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா மேடம்? ஒரே ஒரு வரி போதும். ‘நாங்க இன்ன மறுகுடியமர்வுப் பகுதியில குடியிருக்கோம்’னு அந்தப் பேரப் போட்டு எல்லாரும் கையெழுத்து போடட்டும். ஆள் இருக்கற ஊருன்னு ஆயிடும். பாரா தன்னால போயிடும். வண்டி அங்கயே நிக்கும். காத்தவராயனும் வேலைக்கு வருவாரு. இதவிட நான் என்ன செய்ய முடியும்?”

குருமூர்த்திக்குக்கூட அது நல்ல வழியாகத் தோன்றியது. தலையை மெல்ல அசைத்தார். அவர்கள் எழுத மாட்டார்கள் என்று ஆனந்தராஜுக்கு உறுதியாகத் தெரியும் என்பதைத் துர்கா மட்டுமே அறிந்திருந்தாள். அரிசியைக் காட்டி, அதன்மேல் வலையையும் விரித்து வைத்துவிட்டு, ‘பசித்தால் உண்ணலாமே’ என்று வேடன் சொல்வதும் கருணைதான்.

சுவரோரத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நிலவன் எழுந்தான்.

“எழுதிக் குடுத்துடலாம் அத்த. பேருதான? என் பொண்டாட்டி நெற மாசமா இருக்கறா. வண்டி போயிட்டா நான் என்னா பண்ணுவேன்? ஆட்டோவுல அந்தப் பள்ளத்துல கூட்டிக்கிட்டுப் போவ முடியுமா?”

யாரும் அவனை அதட்டவில்லை. எல்லாரும் பூவாயியைப் பார்த்தார்கள். அவள் உட்கார்ந்தபடியே பேசினாள். வாசலில் கேட்ட குரல் அல்ல அது.

“எழுதறவங்க எழுதட்டும். நான் தடுக்க மாட்டேன். எம் வூட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தப்ப நானும் போனைக் கையில வச்சிக்கிட்டு நின்னேன். ‘எந்த எடம்மா’ன்னு அந்தப் பொண்ணு கேக்கறா. பிளாட்டு பேரு நாக்கு நுனியில இருக்குது. அவரு என் கையப் புடிச்சு, ‘சொல்லாதடி’ன்னாரு. சொல்லல. பைக்குல வச்சு கோயிலாண்ட கொண்டாந்தோம். வண்டியில ஏத்துனோம். ஆஸ்பத்திரி வாசல்ல போயிட்டாரு.” அவள் துர்காவைப் பார்த்தாள். “நீ அன்னிக்கு சொன்ன பாரு, சத்தியம் உங்களுது, மூச்சு அவருதுன்னு. ராவெல்லாம் எனக்கு அதே கேள்விதான். நான் சொல்லியிருந்தா பொழச்சிருப்பாரோ என்னமோ. எனக்குத் தெரியாது. ஆனா அப்ப சொல்லாத பேர இப்ப இந்தாளுக்காகச் சொன்னா, அவரு எதுக்குச் செத்தாரு?”

 நிலவன் தலைகுனிந்து நின்றான்.

“யாரும் எதுவும் எழுத வேணாம்” என்றாள் துர்கா.

“மேடம்…” என்றார் ஆனந்தராஜ்.

“சார், நான் கேட்ட கேள்வி என்ன? அந்த வண்டியில நோயாளி போனாங்களா இல்லியா. அவ்ளோதான். அவங்க குடியிருக்கற எடத்துக்கு அவங்க என்ன பேர் சொல்றாங்கங்கறது கோர்ட்டுல இருக்கற விஷயம். அத நான் தீக்க வரல. நீங்களும் தீக்க வேணாம். அரசாங்கம் அந்த வண்டிய ஊர்ப் பேருக்காக ஓட்டல. ஆளுக்காக ஓட்டுது.” அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். “ஒவ்வொருத்தரா வாங்க. உங்க பேரு, ஊரு, எதுக்கு ஏறுனீங்க. மூணே கேள்வி.”

முதலில் கைத்தடிக் கிழவர் வந்தார்.

“பேரு கோவிந்தராசு. ஊரு பழைய புதூர். கட்டுவிரியன் கடிச்சுது. தோ பாரு.” அவர் மேசைமீதே குதிகாலைத் தூக்கி வைக்கப் போனார், பக்கத்திலிருந்தவர் தடுத்தார். “வுடுடா, பாக்கட்டும். அப்பறம் இந்தக் காலும் பொய்யின்னு எழுதிடப் போறாங்க.”

அடுத்து கைக்குழந்தையுடன் வளர்மதி வந்தாள். “பழைய புதூருங்க. பிரசவத்துக்கு ஏறுனேன். ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கல. விருத்தாசலம் ரயில்வே கேட்டு போட்டுட்டாங்க. கேட்டு தொறக்கறதுக்குள்ள இவ பொறந்துட்டா.”

“கொழந்தைக்கு என்ன பேரு?”

“வெண்பா. காத்தவராயன் அண்ணன்தான் வெளிய நின்னு, கேட்டுக்காரரத் திட்டிக்கிட்டே இருந்தாரு.”

குழந்தை மேசைமீதிருந்த தாளை ஆவலோடு பார்த்துக் கைநீட்டியது. குருமூர்த்தி தம்மை அறியாமலே தாளைச் சற்று நகர்த்தி, தம் மூக்குக்கண்ணாடிக் கூட்டை அதன் கையில் கொடுத்தார்.

ஆனந்தராஜ் மேசையைத் தட்டினார். அவருடைய குரலில் மலர்ச்சி வாடியிருந்தது. “இதெல்லாம் எங்க ரெக்கார்டுல ஏத்த முடியாது மேடம். நான் ஆட்சேபிக்கறேன்.”

“உங்க ரெக்கார்டுல ஏத்த வேணாம். என் ரெக்கார்டுல ஏத்தறேன். உங்க ஆட்சேபணையையும் சேத்து.”

“சரி. பாராவை எடுத்துக்குங்க. செலவு கட்டுப்படியாவலன்னு நாங்களா வண்டிய எடுத்தா?”

“எடுங்க.” துர்கா பேனாவை நிறுத்தி அவரை நேராகப் பார்த்தாள். “நிறுத்த வேண்டிய எடத்துல வண்டிய நிறுத்தாம அரசுப் பணம் வாங்குனா அதுக்கு ஒரு பாரா இருக்குது. டிரைவர் எழுதிக் குடுத்ததைத் தணிக்கைக்குக் காட்டாம மறைச்சதுக்கு ஒரு பாரா இருக்குது. ரெண்டையும் நானே எழுதறேன். அப்ப நீங்க ஸ்வீட் வாங்கித் தர மாட்டீங்க.”

சுவரோரத்தில் யாரோ சீட்டியடித்தார்கள். பூவாயி, “ச்சீ, சும்மா இருடா. ஆபீசு” என்று அதட்டினாள், ஆனால் அவள் முகமும் இளகியிருந்தது.

ஆனந்தராஜ் தொலைபேசியை எடுத்துக்கொண்டு சன்னலோரம் போனார். “திங்கக்கெழமை ஷிப்டிங் வேணாம்ப்பா. ஆமா, கம்மாபுரம் வண்டிதான். அங்கயே நிக்கட்டும்” என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

துர்கா கூட்டக் குறிப்பின் கடைசிப் பக்கத்தை எடுத்தாள். ‘தணிக்கைத் தடை, அதை எழுதியவராலேயே திரும்பப் பெறப்படுகிறது. நோயாளிகள் நேரில் காணப்பட்டனர்’ என்று எழுதி, கீழே தன் கையெழுத்தை இட்டாள். தாளைக் குருமூர்த்தியின் பக்கம் தள்ளவில்லை. அவரைச் சங்கடத்தில் நிறுத்த அவள் விரும்பவில்லை.

அவரே இழுத்துப் பார்த்தார். ஒவ்வொரு சொல்லையும் நிதானமாகப் படித்தார். ‘தணிக்கை அலுவலர்’ என்று அச்சிட்ட இடம் வெறுமையாக இருந்தது.

“நான் போட மாட்டேன்னு சொன்னேன்” என்றார்.

“தெரியும் சார்.”

“தனியா நிக்குது உங்க கையெழுத்து. நாளைக்கே விளக்கம் கேட்டு மெமோ வரும்.”

“வரட்டும் சார். விளக்கம் இருக்குதே” என்று சொல்லிச் சுவரோரம் காட்டினாள்.

குருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையெழுத்திடவில்லை. எழுந்து போகவும் இல்லை. காரோட்டி வந்து, “சார், கெளம்பலாமா?” என்று கேட்டபோது, “நீ போயி டீ குடிச்சிட்டு வா. இன்னும் ஆளு இருக்குது” என்று அனுப்பிவிட்டு, தம் நாற்காலியை இழுத்து, வருபவர்கள் உட்காரும்படி துர்காவின் எதிரே போட்டார். தாம் சன்னல் திட்டில் சாய்ந்து நின்றுகொண்டார்.

நிலவன் இன்னும் நின்ற இடத்திலேயே நின்றான். துர்கா அவனை அழைத்தாள்.

“நீங்க எப்பவாச்சும் ஏறியிருக்கீங்களா?”

“நான் ஏறல மேடம். பக்கத்து வூட்டுப் பெரியவர ஏத்துனேன். ரெண்டு நாள் முன்ன நீங்களே பாத்தீங்களே, விருத்தகிரின்னு. வார்டுல இருக்காரு. இப்ப பரவால்ல.”

“அவர் வர முடியாதில்ல. கூட வந்தவர் நீங்க. உக்காருங்க.” அவள் புதிய தாளின் தலைப்பில் கோடிட்டாள். “ஊரு?”

அவன் ஒரு முறை பூவாயியைத் திரும்பிப் பார்த்தான். அவள் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பழைய புதூர்” என்றான் நிலவன்; தேவைக்கு மேலான உரத்த குரலில், அடுத்த கட்டடத்துப் பீங்கான் சூளைக்காரர்களும் கேட்கும்படி.